பந்தயத் திடலும் சொந்த வண்டியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து தீவுப்பற்றை நோக்கிச் செல்லும் தெரு, பண்ணைக் கடலைத் தாம்போதி வழியாகக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டி, வேலணையை ஊடறுத்து, வாணர் தாம்போதியால் மறுபடியும் கடலைக் கடந்து புங்குடுதீவை அடைகின்றது. அத்தீவின் மேற்குப் புறத்திலே, குறிகட்டுவான் இறங்குதுறையில், அந்தத் தெரு முடிந்துவிடுகின்றது. அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்ல விரும்புவோர் படகேறல் வேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் அத்துறையில் வந்து நிற்கும் வாகனங்கள் பலப்பல. அவற்றுள் ஒன்றேனும் இறங்குதுறைக்கு அப்பால் ஓரடி எடுத்து வைத்தல் இயலாது.

ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமுள்ள இந்தப் பாதை ஒரு மோட்டார் வண்டிக்கு எளிய சோதனையன்று. தாம்போதியின் இருமருங்கும் கடல். எப்பொழுதும் வீசும் காற்றிலே உப்பு. அந்த உப்பு இரும்பைத் தின்னும். பிறேக் குழாயை அரிக்கும். மின்கம்பிகளின் பொருத்துகளில் பச்சை படியச் செய்யும். இவற்றையெல்லாம் கடந்துவரும் வண்டி ஈற்றிலே கடலின் விளிம்பில் நின்றாகவும் வேண்டும். விரைந்து ஓடும் வண்டியே நல்ல வண்டி என்று உலகத்தார் கருதுவர். குறிகட்டுவானுக்கு வண்டி கொண்டுவருபவர் அறிந்த உண்மை வேறு. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் வண்டியே நல்ல வண்டி.

விந்தை யாதெனில், விரைவுக்கென்றே அமைக்கப்பட்ட பந்தயத் திடல்களின் வரலாறும் இதே உண்மையைத்தான் சொல்கின்றது. தொழில்முறை ஓட்டுநர்களின் கதையை இங்கு விடுத்து, நாள்தோறும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் செல்லும் தம் சொந்தக் காரை ஒருநாள் திடலுக்குக் கொண்டுசென்று ஓட்டிப் பார்த்த சாதாரண மனிதரின் கதையை எடுத்து நோக்குவோம். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் தம் வண்டியை எவ்வாறு ஆயத்தஞ் செய்தார்கள் என்பதிலே கற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள் பலவுள.

மோட்டார் வண்டிகளின் முதற் போட்டி எனக் கூறத்தக்கது 1894ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சு நாட்டிலே, பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர்வரை நடைபெற்றது. தூரம் ஏறத்தாழ 126 கிலோமீற்றர். ஒரு செய்தித்தாள் நிறுவனம் அதனை ஒழுங்கு செய்தது. அதன் விதி இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும். முதலில் வந்து சேர்பவருக்குப் பரிசு என்று அது கூறவில்லை. ஆபத்தின்றி, எளிதாகக் கையாளத்தக்கதாய், அதிகச் செலவு வைக்காததாய் உள்ள வண்டிக்கே பரிசு என்று கூறியது. முதலில் வந்து சேர்ந்தவர் டி டியோன் பிரபு. அவருடையது நீராவி வண்டி. அதன் அடுப்பைக் கவனிக்கத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆதலால் முதற் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பேஜோ, பன்ஹாட் லெவாசோர் ஆகிய இரு நிறுவனங்களின் பெற்றோல் வண்டிகள் அதனைப் பகிர்ந்துகொண்டன. விரைவைவிட அடக்கமே பெரிது என்ற தீர்ப்புடன் பந்தய வரலாறு தொடங்கியது எனலாம்.

பின்னர்ப் பொதுத் தெருக்களில் நடந்த போட்டிகள் உயிர்ச்சேதத்தை விளைவித்தபோது தனித் திடல்கள் தோன்றின. இங்கிலாந்திலே 1907இல் புறூக்லாண்ட்ஸ் திடல் திறக்கப்பட்டது. ஜெர்மனியிலே மலைக்காட்டினூடே வளைந்து செல்லும் நூர்பர்க்றிங் 1927இல் திறக்கப்பட்டது. இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. போட்டியில்லாத நாள்களில் எவரும் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியை அதில் ஓட்டலாம். இருபது கிலோமீற்றருக்கு மேல் நீளமுள்ள அதன் வடக்கு வட்டத்தில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கின்றது. சொந்தக் காரைத் திடலில் ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கின் மூதாதை இதுவே என்று கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. போர் விமானங்களுக்காக அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுபாதைகள் நாடெங்கும் வெறுமையாய்க் கிடந்தன. நீண்டு, அகன்று, சமதளமாய் அமைந்த அவ்வோடுபாதைகள் மோட்டார் வண்டிக்காரரின் கண்ணைக் கவர்ந்தமை இயல்பே. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன், குட்வுட் என்னும் இரண்டு விமான நிலையங்களும் 1948இல் பந்தயத் திடல்களாயின. வைக்கோற் கட்டுகளை அடுக்கி வளைவுகளைக் குறித்தார்கள். போருக்கென ஊற்றிய கொங்கிறீற்றிலே விளையாட்டு நடந்தது.

அந்த அலை இந்தியாவையும் இலங்கையையும் தொடாமல் விடவில்லை. இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையிலே மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஏறிச் செல்ல, கடிகாரமே எதிராளியாக நிற்கும் போட்டி அது. போருக்குப் பின் களுத்துறையை அடுத்த கட்டுகுருந்தை விமான ஓடுபாதையிலும் பந்தயங்கள் நடைபெற்றன. கடலுக்கு அப்பால் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்தில் அமைந்த மற்றோர் ஓடுபாதை இருந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அதனைத் திடலாகக் கொண்டு நடத்திய பந்தயங்கள் ஏறத்தாழ மூன்றரைப் பத்தாண்டுகள் தென்னிந்தியாவின் பெருந்திருவிழாக்களுள் ஒன்றாய் விளங்கின. நாட்டின் பல திசைகளிலிருந்தும் ஓட்டுநர் வந்தனர், இலங்கையிலிருந்தும் சென்றனர்.

சோழவரத்தில் மன்னர்களும் செல்வர்களும் அயல்நாட்டுப் பந்தய வண்டிகளைக் கொண்டுவந்து ஓட்டியமை உண்மையே. ஆயினும் அத்திடலின் உயிர்நாடி சாதாரண வண்டிகளே. இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்தில் இந்தியாவிலே கிடைத்த கார்கள் சிலவே. பம்பாயில் உருவான பியற் 1100, கல்கத்தாவை அடுத்து உருவான அம்பாசடர், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பகுதியில் உருவான ஸ்ராண்டட் ஹெரல்ட் என்பன அவை. பியற்றின் இயந்திரம் 1089 கன சென்ரிமீற்றர். ஹெரல்டின் இயந்திரமோ 948 மட்டுமே. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குச் செல்வதற்கென ஆக்கப்பட்ட இவ்வண்டிகளே வளைவுகளில் ரயர் கீச்சிட ஓடின. புதிய வண்டி வாங்கும் வழியில்லாதவன் இருக்கும் வண்டியை அறிந்துகொள்ள வேண்டியவனானான். அந்த அறிவே ஆயத்தம்.

அந்த ஆயத்தம் யாது? இதனை அறியாதவர் முதலில் இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதையே எண்ணுவர். அறிந்தவரோ பிறேக்கிலே தொடங்குவர். இதற்குக் காரணம் இயற்பியலின் ஓர் எளிய விதியாகும். ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துகையில் பிறேக்கில் உண்டாகும் வெப்பத்தைவிட, 120 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துகையில் உண்டாகும் வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். தெருவிலே அவ்வாறு நிறுத்தும் தேவை எப்பொழுதாவது ஒருமுறை வரும். திடலிலோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வரும். பிறேக் ஆறுவதற்கு அவகாசமில்லை.

பழைய வண்டிகளின் பிறேக் டிறம் வெப்பத்தால் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். லைனிங்கின் பிடியும் வெப்பத்தால் குறையும். இவற்றிலும் கொடியது பிறேக் ஒயிலின் நிலை. அந்த நெய்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வழக்கமாகப் பயன்படும் மூன்றாந்தர ஒயில் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரமேறிய நிலையில் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகின்றது. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். அப்பொழுது ஓட்டுபவரின் கால் மிதியை அடித்தட்டுவரை கொண்டுசெல்லும், வண்டி நிற்காது. எனவே திடலுக்குச் செல்லுமுன் பிறேக் ஒயிலைப் புதிதாக மாற்றுதல் ஆயத்தத்தின் முதற் படியாகும். ஈரமும் உப்பும் மிக்க கடற்கரையூர்களில் இது திடலுக்குச் செல்லாதவருக்கும் உரிய விதியே.

அடுத்தது சில்லு. ரயரின் காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் ஒன்று. சில சுற்றுகள் ஓடிச் சூடேறியபின் வேறொன்று. காற்று சூட்டால் விரிந்து அழுத்தம் உயர, ரயர் தரையைத் தொடும் பரப்புக் குறைந்து பிடி தளரும். ஆகவே சூடேறியபின் மீண்டும் அளந்து, மிகுந்ததை வெளிவிட வேண்டும். வீடு திரும்புமுன் மறுபடி நிரப்பவும் வேண்டும். சில்லின் நட்டுகளை ஓடுமுன்னும் ஓடியபின்னும் முறுக்கிப் பார்த்தல் வேண்டும். றேடியேற்றர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா, பெல்ற் தளர்ந்துள்ளதா, இயந்திர ஒயில் உரிய அளவில் உள்ளதா என்பனவும் நோக்கத்தக்கவை. ஒயில் குறைந்த வண்டி வளைவிலே வேகமாகத் திரும்பும்போது, இருக்கும் ஒயிலும் ஒருபுறம் ஒதுங்கிவிட, ஒயில் பம்பி வெறுங்காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் இயந்திரத்தின் தாங்கிகள் தேய்ந்து அழியும்.

பின்னர் வண்டியை வெறுமையாக்கல் வேண்டும். மேலதிகச் சில்லு, ஜக்கு, கால்விரிப்பு, இருக்கையின் கீழ்க் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல் யாவும் வெளியே எடுக்கப்பட வேண்டியன. பாரம் குறைவதற்காக மட்டும் அன்று. உருண்டு வந்த ஒரு சிறு போத்தல் பிறேக் மிதியின் அடியிற் சிக்கினால் மிதி இறங்காது. எத்துணை நல்ல பிறேக்கும் அப்பொழுது பயன் தராது.

ஓட்டம் முடிந்தபின்னும் ஒரு முறைமை உண்டு. கடைசிச் சுற்றை மெதுவாக ஓடிப் பிறேக்கை ஆறவிட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் கைப்பிறேக்கை இழுத்து வைத்தலாகாது. கொதிக்கும் இரும்பு இறுகப் பற்றிய நிலையிலே ஆறினால் கோணலாகும். வண்டியைக் கியரில் விட்டுச் சில்லின் கீழ் ஒரு கல்லை வைப்பதே பழகியவர் செய்வது.

இத்துணை ஆயத்தமும் ஓட்டுபவரையே காக்கும். பார்ப்பவரைக் காக்கும் ஆயத்தம் வேறு. 1955ஆம் ஆண்டு யூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு வண்டி தூக்கி எறியப்பட்டு, அதன் பாகங்கள் பார்வையாளரிடையே பாய்ந்தபோது 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகச் சுவிற்சர்லாந்து பல பத்தாண்டுகள் திடற் பந்தயங்களைத் தடைசெய்திருந்தது. தொலைநாட்டுச் செய்தி என்று இதனை ஒதுக்க இயலாது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் திகதி இலங்கையின் தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது தடம் விலகிய ஒரு கார் மக்கள் நின்ற இடத்திற் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். வண்டி நிற்காதுபோனால் எங்கே செல்லும் என்பதை முன்கூட்டி எண்ணி, அவ்விடத்தில் எவரும் நில்லாதவாறு காப்பதும் ஆயத்தத்தின் பகுதியே. அதனை மறந்த பந்தயம் பந்தயமாகாது.

சோழவரத்தின் காலம் 1980களின் இறுதியோடு முடிவுற்றது. 1990இல் சிறீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைந்த 3.7 கிலோமீற்றர்த் திடல் திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 என்னும் சிறிய குடும்பக் காரின் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கி, இளைஞர் பலருக்கு வழி திறந்தார். அவர் 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் காட்டிய வழியிலே பழகிய அவ்வூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் முதலாந்தர உலகப் போட்டியில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். எளிய காரின் எளிய இயந்திரத்தை ஊன்றி அறிந்ததன் பயன் அது.

சென்னையிலே புதிய திடல் திறக்கப்பட்ட அதே 1990இல், பாக்குநீரிணைக்கு இப்பால் யாழ்ப்பாணத்தில் மோட்டார் வண்டிகள் வேறொரு சோதனைக்கு உள்ளாயின. அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவுப்பற்றிலிருந்து இடம்பெயர்ந்தோரும் குடாநாட்டிலே தஞ்சம் புகுந்த காலம் அது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மகப்பேற்றுக்குத் தாயைக் கொண்டுசெல்ல வேண்டும். இருந்தவையோ ஒஸ்ரின் ஏ40, மோறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள். அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

இது வெறும் துணிச்சலன்று; இதற்கும் ஓர் இயல்நூல் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதிக அமுக்கத்தில் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். பிற்காலப் புதுக் கார்களின் இயந்திரம் அதனைத் தாங்காது. பழைய ஒஸ்ரினும் மோறிசும் தரங்குறைந்த எரிபொருளையும் எண்ணி ஆக்கப்பட்டமையால் அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. எனவே சூடேறிய இயந்திரம் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டது. சூடேறும்வரை என் செய்வது? கார்புரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பினார்கள். பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிரித்தானியப் பண்ணைகளின் உழவு இயந்திரங்களும் முன்னாளில் இவ்வாறே பெற்றோலில் எழுந்து, மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் உழைத்தன. கரி படிந்த பிளக்குகளை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இறங்கி இயந்திர ஒயிலை நீர்க்கச் செய்யுமாதலால், ஒயிலின் நிலையையும் ஓயாது கவனிக்க வேண்டியிருந்தது. இன்ன ஒலி நன்று, இன்ன ஒலி தீது என்பதைச் சாரதியின் காதே கூறிற்று.

சோழவரத்தில் வண்டியை ஆயத்தஞ் செய்தவனும், யாழ்ப்பாணத்துக் கராஜில் வண்டியை ஆயத்தஞ் செய்தவனும் ஒரே கல்வியைக் கற்றவர்கள். ஒருவன் மகிழ்ச்சிக்காகக் கற்றான். மற்றவன் உயிர் காப்பதற்காகக் கற்றான். வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் எதனைத் தாங்கும், எந்த எல்லையில் கைவிடும் என்பதே அக்கல்வியின் பொருள். வறுமையும் தடையும் கற்பித்த அந்தக் கல்வியைப் பெருமைக்குரிய காலமென்று புனைந்துரைத்தல் தகாது. பெற்றோல் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்களை எண்ணினால் அப்புகழ்ச்சி நாவில் எழாது. ஆயினும் கற்ற கல்வியை இழத்தலும் தகாது.

இன்றைய கார்கள் பெரிதும் மாறிவிட்டன. பொனற்றைத் திறந்தால் மூடிய பெட்டிகளே தென்படுகின்றன. குறையைக் கணினி எடுத்துரைக்கின்றது. இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிபாளையத்துக்கும் இன்று தம் காரைக் கொண்டுசெல்லும் இளைஞர் பலர் இயந்திரத்தின் உள்ளுறுப்பைக் கண்டதில்லை. அதிற் குற்றமில்லை. ஆனால் பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சுவதையோ, இரட்டித்த வேகம் நான்கு மடங்கு வெப்பத்தைத் தருவதையோ எந்தக் கணினியும் மாற்றிவிடவில்லை. வேகத்தை விரும்பும் இளைஞனைத் தெருவிலே தடுத்தல் வேண்டும். திடலிலே வரவேற்றல் வேண்டும். தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் அணிந்து, எதிரே வண்டி வாராத பாதையில், தகுந்த மேற்பார்வையில் ஒருநாள் ஓடிப் பார்த்தவன் தன் வண்டியின் எல்லையை அறிவான். தன் எல்லையையும் அறிவான். அந்த அறிவுடன் வீடு திரும்புபவன் தெருவிலே நிதானமுடையவனாதல் கூடும்.

குறிகட்டுவானில் இத்தகைய திடல் ஏதும் இல்லை. அதற்கான தேவையும் இல்லை. அங்கே ஒரு தெரு உண்டு; அது கடலில் முடிகின்றது. தாம்போதிகளைக் கடந்து வந்த பழைய கார் ஒன்று இறங்குதுறை அருகே நிற்கும்போது, சாரதி இறங்கி, இயந்திரத்தின் சூடு தணியும்வரை காத்திருந்து, றேடியேற்றருக்குத் தண்ணீர் வார்த்து, சில்லின் கீழ் ஒரு கல்லை எடுத்து வைப்பது அத்துறைக்குப் புதியதன்று. சில்வர்ஸ்ரோனிலும் சோழவரத்திலும் பழகிய ஓட்டுநர் அக்கல்லின் பொருளை உடனே அறிந்துகொள்வர். பயணிகள் அச்சமின்றிப் படகேறிச் செல்வர். அவர்கள் திரும்பி வரும்வரை வண்டி வைத்த இடத்திலேயே நிற்கும்.